ஒரு மாலை இடிமழையின் வரவு செலவு

ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வர ஆரம்பிக்கும். மேற்கு திசைக் காற்றில் நிலவும் வேக மாறுபாடு காரணமாக வட தமிழகத்தில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும் என்பதுதான் அது. தொலைக்காட்சியில் அதை வாசிப்பவர் மூச்சு விடாமல் வாசிப்பார். நாமும் காதில் போட்டுக்கொள்ளாமல் மொட்டை மாடியில் துணியைக் காயப் போட்டுவிட்டு வேலைக்குப் போவோம். ஆனால் அந்த வாக்கியத்தில் அலங்காரச் சொல் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் எண் இருக்கிறது.

"ஓரிரு இடங்களில்" என்றால், அந்தப் பகுதியில் உள்ள மழைமானிகளில் 25 சதவீதம் வரை நனையும் என்று பொருள். "ஒருசில இடங்களில்" என்றால் 26 முதல் 50 சதவீதம். "அநேக இடங்களில்" என்றால் 51 முதல் 75. அதற்கும் மேலே போனால் "பெரும்பாலான இடங்களில்." மழை பெய்தது என்று கணக்கில் ஏற வேண்டுமானால் 2.5 மி.மீ. ஆவது விழ வேண்டும். 2.5 முதல் 15.5 மி.மீ. வரை லேசான மழை, 15.6 முதல் 64.4 வரை மிதமான மழை, 64.5 தொட்டால் கனமழை. ஆக "லேசானது முதல் மிதமான" என்ற மூன்று சொல்லுக்குள் 2.5 மி.மீ. முதல் 64.4 மி.மீ. வரை, கிட்டத்தட்ட 26 மடங்கு வித்தியாசம் அடங்கிக் கிடக்கிறது. தெருப் புழுதி அடங்குவதும் அந்த மூன்று சொல்லுக்குள்தான், சுரங்கப்பாதையில் பேருந்து மிதப்பதும் அந்த மூன்று சொல்லுக்குள்தான். அறிக்கை பொய்த்துவிட்டது என்று சலித்துக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் மீதி 75 சதவீத இடத்தில் நின்றவர்கள்.

அந்த 25 சதவீதத்தின் மேல் விழுகிற ஒரே ஒரு மாலை மழைக்குக் கணக்கு எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். வடகிழக்குப் பருவமழைக்குக் கணக்குப்பிள்ளைகள் ஏராளம். ஏரி மட்டம், நீர்வரத்து, உபரி திறப்பு என்று நவம்பரில் எல்லாரும் எண்களாகவே பேசுவார்கள். ஆகஸ்ட், செப்டம்பர் மாலைகளில் வரும் வெப்பச்சலன மழைக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. இத்தனைக்கும் சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ. என்றால், அதில் 440 மி.மீ. சுற்றுவட்டாரம் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதத்தில்தான் விழுகிறது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பெரும்பாலும் இடியோடு, பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகு.

வெப்பநிலையிலிருந்து ஆரம்பிக்கிறேன். நுங்கம்பாக்கத்தில் மே மாத அதிகபட்ச வெப்பநிலையின் சராசரி 37 டிகிரியைத் தாண்டி நிற்கும். 2003 மே 31 அன்று அங்கே 45 டிகிரி பதிவானதை அந்த வெயிலில் நடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆகஸ்டில் அந்தச் சராசரி 35க்குக் கீழே இறங்கிவிடுகிறது, செப்டம்பரில் 34 அருகே, அக்டோபரில் 32 அருகே. இதில் என்ன ஆச்சரியம், வெயில் காலம் முடிந்தால் குறையத்தானே செய்யும் என்று கேட்கலாம். ஆச்சரியம் இருக்கிறது. சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு முறை, ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் மறுமுறை. அதாவது ஆவணி பிறக்கும்போது சூரியன் அக்னி நட்சத்திரத்துக்குச் சற்று முன்னால் இருந்த அதே இடத்தில்தான் இருக்கிறது. கொதிக்க வைக்க வேண்டிய சரக்கு முழுக்கக் கையில் இருந்தும் மேயைவிட 2, 3 டிகிரி குறைவாகத்தான் அதனால் காய்ச்ச முடிகிறது. அந்த வித்தியாசத்தை மேகமும் ஈர மண்ணும் மாலை மழையும் பங்கு போட்டுக்கொள்கின்றன.

மழை உருவாகும் விதம் ஒரு சந்தைக் கதை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கமே ஈரத்தை இறக்கிவிட்டு, காய்ந்த மேல்காற்றாக நம் பக்கம் வருகிறது. ஜூனிலும் ஜூலையிலும் அதற்கு வேகம் அதிகம். கடற்காற்று கரையேற மதியம் தாண்டிவிடும், சில நாள் வரவே வராது. அந்த நாட்களில்தான் சென்னைக்காரர்கள் மெரினாவில் நின்றும் வேர்ப்பார்கள். ஆகஸ்ட் பிற்பகுதி வந்ததும் மேல்காற்று தளர்கிறது. வங்கக் கடலின் ஈரத்தைச் சுமந்த கடற்காற்று உள்ளே புகுந்து, திருவள்ளூர், காஞ்சிபுரம் வரைக்கும் போய் மேல்காற்றோடு முட்டுகிறது. முட்டிய இடத்தில் காற்றுக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. வேலூர், திருவண்ணாமலை, சித்தூர்ப் பக்கத்துக் குன்றுகளில் வேறொரு மேகக் கூட்டம் பிற்பகலிலேயே மேலெழும்பி நிற்கும். மேகத்தின் உச்சி 12 கி.மீ., சில நாள் 15 கி.மீ. கூடத் தொடும். பயணிகள் விமானம் பறக்கும் உயரத்தைவிட அதிகம்.

பிறகு அது கிழக்கே நகர ஆரம்பிக்கும். மணிக்கு 30 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், மாலை 4 மணிக்கு வேலூருக்கு மேல் திரண்ட மேகம் 125 கி.மீ. கடந்து இரவு 8 மணிக்கு மேல் சென்னைக்கு வந்து சேரும். காஞ்சிபுரத்தில் முளைத்ததானால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆனால் ஒரு தனி இடிமேகத்தின் ஆயுள் அரை மணியிலிருந்து ஒரு மணி. வேலூர் மேகம் சென்னைக்கு வருவதில்லை. அது இறக்கிய குளிர்காற்று முன்னால் ஓடி, ராணிப்பேட்டையில் இன்னொன்றைக் கிளப்பும், அது ஸ்ரீபெரும்புதூரில் மற்றொன்றை. நீரையும் அங்கிருந்து சுமந்து வருவதில்லை, வழியில் வாங்கி வழியிலேயே விற்றுத் தீர்க்கும். இந்தச் சங்கிலி எங்கே வேண்டுமானாலும் அறும். துறைமுகத்தில் 2002 முதல் சுழலும் டாப்ளர் ரேடார் அதைக் காட்டினாலும், மூன்று மணி நேரத்துக்கு முன்னால் உறுதியாக எதையும் சொல்ல முடியாமல் போவது இதனால்தான். உடனடி எச்சரிக்கைகள் மூன்று மணி நேரத்துக்கென்றே வருகின்றன.

இன்னொரு பக்கக் கணக்கும் உண்டு. மத்திய இந்தியாவில் பருவமழை சில நாள் ஓய்வெடுக்கும். பருவக்காற்றுத் தாழ்வு இமயமலை அடிவாரத்துக்கு ஏறிவிட, நாக்பூரும் போபாலும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த நாட்களில் தமிழ்நாட்டுக்கு இடிமழை கூடும். அங்கே பற்று, இங்கே வரவு.

இனி அளவு. மழைமானி என்பது சாமானியமான பாத்திரம். வானிலைத் துறை வைத்திருக்கும் வகைகளில் ஒன்றின் வாய்ப்பரப்பு 200 சதுர சென்டிமீட்டர். அதில் 1 மி.மீ. மழை விழுந்தால் 20 மில்லி சேரும். 20 மி.மீ. என்றால் 400 மில்லி, இரண்டு டம்ளர் மோர். இந்த இரண்டு டம்ளரை வைத்துத்தான் ஒரு வட்டாரத்துக்கே மழை எழுதப்படுகிறது. பெருக்கத் தெரிந்தால் போதும்: ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. விழுந்தால் 1 லிட்டர். 1,000 சதுர அடி மொட்டை மாடி 93 சதுர மீட்டர். 20 மி.மீ. மாலை மழை அதன்மேல் 1,860 லிட்டரைக் கொட்டுகிறது. சிதறலும் ஆவியாவதும் போக 80 சதவீதம் குழாய் வழியே இறங்கினால் 1,488 லிட்டர். 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் பிடித்தால் 99 குடம். மாடிப்படி ஏறித் தண்ணீர் சுமந்தவர்களுக்கு இந்த எண்ணின் கனம் தெரியும்.

ஊருக்கு என்ன வரும்? சென்னை மாநகராட்சியின் பரப்பு 2011 விரிவாக்கத்துக்குப் பிறகு 426 ச.கி.மீ. அறிக்கை சொன்னபடியே அதில் கால்பங்கில் மட்டும், 106 ச.கி.மீ. சொச்சத்தில், 20 மி.மீ. விழுந்தது என்போம். மொத்தம் 213 கோடி லிட்டர். சென்னைக் குடிநீர் வாரியம் நாளொன்றுக்கு வழங்குவது ஏறக்குறைய 100 கோடி லிட்டர் என்பதால், இரண்டு நாள் விநியோகம் ஒரே மாலையில், ஒரே ஒரு கால்பங்கு ஊரில் கொட்டிவிட்டது.

ரயிலாக மாற்றினால் இன்னும் உறைக்கும். 2019 கோடையில் சென்னைக்கு அப்போது குடிநீர் தந்த நான்கு ஏரிகளும் வறண்டபோது, ஜூலை 12 முதல் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்குத் தண்ணீர் ரயில் ஓடியது நினைவிருக்கும். 50 வேகன், வேகனுக்கு 50,000 லிட்டர், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அந்தத் திட்டத்துக்கு அரசு ஒதுக்கியது 65 கோடி ரூபாய். முதல் ரயில் வந்த அன்று மாலை போட்டு அமைச்சர்கள் வரவேற்றார்கள். நம் மாலை மழையின் 213 கோடி லிட்டரைக் கொண்டுவர அப்படி 852 ரயில் வேண்டும். ரயில் வந்த அதே மேற்குத் திசையிலிருந்துதான் மேகமும் வருகிறது, மாலை மரியாதை எதுவும் கேட்பதில்லை.

சரி, அந்த 213 கோடி லிட்டர் எங்கே போயிற்று? ஏரிக் கணக்கில் தேடினால் ஏமாற்றம்தான். ஏரிக் கணக்கு மில்லியன் கன அடியில் நடக்கும். ஒரு மில்லியன் கன அடி 2.83 கோடி லிட்டர். 213 கோடி லிட்டர் என்பது 75 மில்லியன் கன அடி. பூண்டியின் கொள்ளளவு 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645, கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை 500. மொத்தம் 11,757. அதில் 75 என்பது ஒரு சதவீதம்கூட இல்லை. அந்த 75ம் ஏரிக்குப் போகவில்லை. மழை விழுந்தது தார்ச்சாலையிலும் மாடியிலும். அது கூவத்துக்கும் அடையாற்றுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் போய், மறுநாள் காலைக்குள் கடல். நீர்ப்பிடிப்புப் பகுதியில் விழுந்திருந்தாலும் கோடையில் வெடித்த மண் முதல் சில மழையைச் சத்தமில்லாமல் குடித்துவிடும். இடிமழை பெய்த மறுநாள் காலை செய்தியில் "ஏரிகளுக்கு நீர்வரத்து இல்லை" என்று வந்தால், மழையே வீண் என்று முடிவு கட்டுவது நம் வழக்கம். அங்கேதான் கணக்குத் தப்புகிறது. இந்த மழை பணம் கட்டும் கணக்குகள் வேறு, அவற்றுக்கு யாரும் பேரேடு வைப்பதில்லை.

முதல் கணக்கு குளிர்ச்சி. மழைக்குச் சற்று முன்னால் ஒரு காற்று அடிக்குமே, குப்பையைச் சுழற்றிக்கொண்டு, ஜன்னலை அறைந்துகொண்டு, மண் வாசனையோடு. அரை மணி நேரத்தில் 35 டிகிரி 26க்கு இறங்கிவிடும். மேலே உள்ள குளிர் தானாகக் கீழே வருகிறது என்றுதான் பலரும் நினைப்பார்கள். வேலை செய்வது ஆவியாதல். விழுகிற துளிகளில் ஒரு பகுதி தரையைத் தொடாமல் வழியிலேயே ஆவியாகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகச் சுமார் 2,450 கிலோஜூல் வெப்பம் வேண்டும், அதைச் சுற்றியுள்ள காற்றிடமிருந்தே பிடுங்கிக்கொள்ளும். ஒரு சதுர மீட்டர் அடித்தளமும் ஒரு கி.மீ. உயரமும் கொண்ட காற்றுத்தூணின் எடை சுமார் 1,100 கிலோ. அதை ஒரு டிகிரி குளிர்விக்க 1,100 கிலோஜூல். வகுத்துப் பார்த்தால், 1 மி.மீ. மழை வழியில் ஆவியாவதற்கு அந்தத் தூண் 2.2 டிகிரி குளிர்ந்தாக வேண்டும். 4 மி.மீ. ஆவியானால் 9 டிகிரி. தோராயக் கணக்குதான், ஆனால் வெப்பமானி காட்டுகிற வீழ்ச்சி இதற்குப் பக்கத்தில்தான் இருக்கும். குளிர்ந்த காற்று கனமாகிச் சரிந்து, தரையில் மோதி, பக்கவாட்டில் ஓடுகிறது. ஜன்னலை அறைந்தது அதுதான். மழைமானியில் ஏறாத 4 மி.மீ.தான் நமக்குச் சுகம் தந்தது.

மழை நின்ற பின் மாடியில் தேங்கிய ஈரமும் வேலையைத் தொடரும். 93 சதுர மீட்டரில் 1 மி.மீ. படலம் காய்ந்தால், அது எடுத்துப்போகும் வெப்பம் சுமார் 63 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஒன்றரை டன் ஏசி ஒரு மணியில் வெளியேற்றும் வெப்பம் 5.3 யூனிட் அளவு. ஆக ஒரு மில்லிமீட்டர் ஈரம், அந்த ஏசி 12 மணி நேரம் முழு மூச்சில் ஓடிச் செய்கிற வேலையைச் செய்கிறது. பகலெல்லாம் சூடேறிய கான்கிரீட் இரவெல்லாம் கக்கும் வெப்பத்தில் ஒரு பங்கு இப்படித்தான் கழிகிறது. முன்பெல்லாம் சாயங்காலம் மாடியில் நாலு வாளி தண்ணீர் தெளித்துவிட்டுப் பாய் விரித்தார்களே, அதுவும் இதே கணக்குதான், எழுதாமல் போட்ட கணக்கு.

மேகத்துக்குள் நடப்பது இதற்கு எதிர்த்திசை. ஆவி நீராகும்போது வாங்கிய வெப்பத்தைத் திருப்பித் தந்தாக வேண்டும். நம் 213 கோடி லிட்டர் மேலே குளிர்ந்து துளியானபோது வெளிவிட்ட வெப்பம் சுமார் 145 கோடி யூனிட். 2024 கோடை உச்சத்தில் தமிழ்நாடு முழுவதும் ஒரு நாளில் செலவழித்தது 45 கோடி யூனிட் அளவு. அந்த ஆண்டு மே 2 அன்று மாநிலத்தின் மின்தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. அப்படிப்பட்ட நாட்களில் மூன்றை ஓட்டிவிடும் ஆற்றலை, சென்னையின் கால்பங்குக்கு மேலே நின்ற மேகம் ஒரு மணி நேரத்தில் வெளிவிட்டுவிட்டுப் போகிறது. அதில் ஒரு யூனிட்டைக்கூட நாம் பிடிக்கப்போவதில்லை. ஆனால் கீழேயிருந்த வெப்பம் 12 கி.மீ. மேலே ஏற்றப்பட்டுவிட்டது.

கையில் பிடிபடுவது மின் கட்டணத்தில்தான். வீட்டில் ஓர் ஏசி, மணிக்கு ஒரு யூனிட், இரவு 8 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இடிமழை பெய்த இரவில் முதல் நான்கு மணி நேரம் மின்விசிறியே போதும் என்று அணைத்துவிட்டால் மிச்சம் 4 யூனிட். ஆகஸ்டில் சென்னைக்கு மழை நாட்கள் சுமார் 8, செப்டம்பரில் சுமார் 7. மொத்தம் 15 இரவு, 60 யூனிட். 2024 ஜூலைப் பட்டியலின்படி இரண்டு மாதத்தில் 601 முதல் 800 வரையிலான யூனிட் ஒவ்வொன்றுக்கும் 9 ரூபாய் 65 காசு. 760 யூனிட் வரவேண்டிய வீட்டில் 700 ஆனால் 579 ரூபாய் மிச்சம். நகரத்தில் ஒரு லட்சம் வீடு இப்படி அணைத்தால் ஓரிரவுக்கு 4 லட்சம் யூனிட். யாரும் இதை மழை கொடுத்த காசு என்று சொல்வதில்லை. அட்டையில் எண் குறைந்திருந்தால், ரீடிங் எடுக்கிறவர் சீக்கிரம் வந்துவிட்டார் போல என்போம்.

ஏரிக்கு நேரடி வரவு இல்லை என்றேன். மறைமுக வரவு ஒன்று உண்டு. செம்பரம்பாக்கம் நிரம்பி நிற்கும்போது அதன் நீர்ப்பரப்பு 25 ச.கி.மீ. அளவு. வெயில் நாளில் 5 மி.மீ. ஆவியானால் 12.5 கோடி லிட்டர் வானத்துக்குப் போய்விடும். ஐம்பது தண்ணீர் ரயில், தினமும். மேகம் மூடி, காற்று ஈரமாகி, அது 3 மி.மீ. ஆகக் குறைந்தால் மிஞ்சுவது 5 கோடி லிட்டர், 20 ரயில். நீர்வரத்து என்ற பத்தியில் இது வராது. போகாமல் நின்றதற்குப் பத்தியே கிடையாது.

இனி செலவுப் பக்கம். அதை மறைத்தால் கணக்கு நேர்மையாக இருக்காது.

சின்ன மழை நஷ்டமே. 2, 3 மி.மீ. தூறிவிட்டு மேகம் கலைந்தால் தரை வெப்பம் தணியாது, ஈரம் மட்டும் ஏறும். புழுக்கம் பிடுங்கும். வெப்பமானி 31 காட்டினாலும் உடம்பு அதை நம்பாது. அன்றிரவு ஏசி முழு எட்டு மணி நேரமும் ஓடும். லேசான மழை என்ற பிரிவின் கீழ்ப்பாதி பெரும்பாலும் பற்றுப் பக்கத்தில்தான் விழுகிறது.

உப்பளக்காரர்களைக் கேட்டால் ஒரு மி.மீ. கூட வேண்டாம் என்பார்கள். மரக்காணத்தில் பாத்தி பாத்தியாகக் கடல்நீரைக் காய்ச்சி, டிகிரி ஏற்றி, உப்பு பூக்கக் காத்திருக்கும் காலம் இது. வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் வாரிக் குவித்துவிட வேண்டும். ஒரு ஏக்கர் பாத்தியில் 10 மி.மீ. விழுந்தால் 40,470 லிட்டர் நல்ல தண்ணீர். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் சுமார் 360 கிராம் உப்பைக் கரைக்கும். அந்த மழை முழுதும் தாகம் தீரக் குடித்தால் 14 டன்னுக்கு மேல் உப்பு திரும்ப நீராகிவிடும். நடைமுறையில் மழைநீர் அடர்ந்த உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்கும், முந்திக்கொண்டு மேல்நீரை வடித்துவிட்டால் இழப்பு குறையும், அதனால் இது மேல்வரம்புதான். ஆனாலும் நாளுக்கு 5 மி.மீ. காயும் வெயிலில் அந்தப் பத்தை மட்டும் திரும்பக் காய்ச்சவே இரண்டு முழு நாள். நாள்கூலிக்கு வாருகிறவருக்கு அந்த இரண்டு நாளும் கூலி இல்லை. சென்னையில் ஒருவர் மாடியில் நின்று மண் வாசனையை ரசிக்கிற அதே மணியில், 120 கி.மீ. தெற்கே இன்னொருவர் தார்ப்பாயைத் தேடி ஓடுகிறார்.

மின்னலுக்கு விலை போட முடியாது, எண்ணிக்கைதான் உண்டு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவில் மின்னல் தாக்கி இறந்தவர்கள் இந்தியாவில் 2020இல் 2,862 பேர், 2021இல் 2,880, 2022இல் 2,887. மூன்று ஆண்டும் நாளுக்குச் சராசரி எட்டுப் பேருக்கு அருகில். வயலில் நின்றவர்களும், மரத்தடியில் ஒதுங்கியவர்களும், ஆடு மாடு மேய்த்தவர்களும்தான் இதில் அடிக்கடி வருகிறார்கள். மின்னலைப் பார்த்ததும் விநாடியை எண்ணுங்கள். இடி கேட்க 3 விநாடி ஆனால் ஒரு கி.மீ. தூரம். 30 விநாடிக்குள் கேட்டால் மேகம் 10 கி.மீ.க்குள் இருக்கிறது, வெட்டவெளியில் நிற்கக் கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை வெளியே வரவும் கூடாது. புளியமரம் கூரையாகாது.

போக்குவரத்து நெரிசல், சாய்ந்த மரம், போன கரண்ட் இவற்றையும் எழுதலாம். அவரவர் தெருவில் அவரவர் எழுதிக்கொள்ளட்டும், என் தெருக் கணக்கை எழுதினால் இந்தக் கட்டுரை புகார் மனுவாகிவிடும்.

மீண்டும் வரவுப் பக்கம், நிலக்கடலைக்கு வருகிறேன். திருவண்ணாமலை, விழுப்புரம் மானாவாரிக் காடுகளில் ஆடிப்பட்டத்தில் விதைத்த கடலை 105 நாள் பயிர். விதைத்து ஒரு மாதத்துக்குள் பூக்கும். பூத்த பின் விழுது மண்ணுக்குள் இறங்கினால்தான் காய். மண் இறுகிக் கிடந்தால் விழுது மேலேயே காய்ந்துவிடும். 40, 45ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைப்பார்கள், அதற்கும் ஈரம் வேண்டும். ஆடி நடுவில் விதைத்தால் அந்த நாள் ஆவணிக் கடைசியோ புரட்டாசித் தொடக்கமோ. சரியாக இடிமழை வரவேண்டிய நாட்கள். ஓர் ஏக்கரில் 20 மி.மீ. விழுந்தால் 80,940 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் கொண்டுபோவதானால் ஏழு லாரி. லாரி 1,200 ரூபாய் என்றே வைத்தாலும் 8,400 ரூபாய், ஐந்து ஏக்கருக்கு 42,000. எந்த மானாவாரி விவசாயியும் அப்படி லாரி பிடிக்கப்போவதில்லை, பிடிக்க முடியாது என்பதுதான் விஷயம். மழை வராவிட்டால் அந்தத் தொகை செலவாகாது, கடலை போகும். பக்கத்து ஊரில் பெய்து தன் காட்டில் பெய்யாமல் போன மழையை அவர்கள் பேசுகிற விதத்தில், "ஓரிரு இடங்களில்" என்ற சொல்லின் முழு விலை தெரியும்.

வீட்டுக்குத் திரும்பினால், பருவம் முழுவதுக்கும் ஒரு கூட்டுத்தொகை போடலாம். நான்கு மாத 440 மி.மீ., 93 சதுர மீட்டர் மாடி, 80 சதவீதப் பிடிப்பு: 32,736 லிட்டர். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற நகர்ப்புற அளவுகோலின்படி நான்கு பேர் வீட்டுக்கு 540 லிட்டர். ஆக 60 நாள் தண்ணீர். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர்ச் சேகரிப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டது. குழாய் இருக்கிற வீடு நிறைய. அந்தக் குழாயின் அடியில் உள்ள வடிகட்டிக் குழியில் மணலும் ஜல்லியும் கடைசியாக எப்போது மாற்றப்பட்டன என்று கேட்டால் பதில் வர நேரமாகும். நவம்பருக்கு முன் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். நவம்பருக்கு முன்னாலேயே 32,000 லிட்டர் வந்து கதவைத் தட்டிவிட்டுப் போயிருக்கும். எனக்கு இருக்கும் ஒரே வருத்தம் இந்த வரியில்தான். ஏரிக்கு வராத மழை என்று நாம் ஒதுக்கியது, கிணற்றுக்கு வரத் தயாராக நின்றது.

வரும் வாரங்களின் போக்கு என்று கேட்டால், ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறாத ஒரு வரிசை உண்டு. ஆகஸ்டில் மழை ஜூனைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. செப்டம்பரிலும் அதே அளவில், மழை வரும் நேரம் மட்டும் மாலைக்கும் நள்ளிரவுக்கும் நடுவில் அலையும். புரட்டாசி பாதியில் பகல் வெயில் திடீரென்று கூர்மையாகும், மேல்காற்று ஓய்ந்து இலை அசையாது. அக்டோபர் நடுவில் காற்று திசை மாறத் தொடங்கும். 20ஆம் தேதி வாக்கில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவது இயல்பு. அதன்பின் மழை கிழக்கிலிருந்து, கடலிலிருந்து, காலையிலும் வரும். இடி குறையும், ஏரிக் கணக்கு பேச்சில் ஏறும்.

ஒரு சின்னக் கோளாறைச் சொல்லிவிட வேண்டும். வானிலைப் பதிவேட்டில் மழை நாள் நள்ளிரவில் முடிவதில்லை, காலை 8.30 மணிக்கு முடிகிறது. செப்டம்பர் 14 இரவு 9 மணிக்குக் கொட்டிய மழையை 15ஆம் தேதி காலை 8.30க்கு அளந்து, 15 என்ற தேதிக்கு எதிரே எழுதுவார்கள். அந்த 15ஆம் தேதி பிற்பகலில் வானம் துடைத்து விட்டாற்போல் இருந்து 36 டிகிரி அடித்தால், அதுவும் அதே வரிசையில்தான் ஏறும். பல ஆண்டு கழித்து ஏட்டைப் புரட்டுகிறவருக்கு ஒரே நாளில் 36 டிகிரி வெயிலும் 32 மி.மீ. மழையும் அக்கம்பக்கமாகத் தெரியும். புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்று ஊரில் சொல்வார்கள். ஏடு அதைத் தேதி போட்டு, இரண்டு கட்டத்தில் எழுதி வைத்திருக்கிறது.